குன்னூர் வீட்டில் இரண்டு பழைய கேமராக்கள்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

குன்னூரில் குடியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது: "அப்பா விட்டுப்போன யாஷிகா மேட் 124 ஜி ஒன்றும், அத்தை வீட்டுப் பரணில் கிடந்த ஆக்ஃபா கிளிக் 3 ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. வீட்டில் அம்மா, மனைவி, ஆறு வயதுப் பையன். விசேஷம், சுற்றுலா என்றில்லாமல் தினசரி வீட்டு வாழ்க்கையை இவற்றில் படம் எடுக்க முடியுமா? செலவு எவ்வளவு ஆகும்? நம் ஊர் மழையில் கேமரா தாங்குமா?"

எடுக்கலாம் தம்பி. சொல்லப்போனால் அந்த இரண்டு கேமராவும் இன்றைக்கு அதற்குத்தான் லாயக்கு. விசேஷத்துக்கு மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். நான் போயிருக்கிறேன்.

என் மகளுக்குக் காதுகுத்து. பத்துப் பேர் போனில் எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் 35 எம்எம் பிலிம் கேமராவோடு மிடுக்காக நின்றேன். ஒரு ரோலுக்கு 36 படம்தான். கேமராவில் எண் 36 வந்தது, 37 வந்தது. 38 வந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ரோல் போடும்போது பிலிமின் நுனி அந்தப் பக்கத்து உருளையில் கவ்வவே இல்லை. பிலிம் டப்பாவுக்குள்ளேயே சுருண்டு கிடக்க, கேமரா தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போயிருக்கிறது. "மாமா எடுத்த படமெல்லாம் மாமா மனசுலதான் இருக்கு" என்று என் மச்சான் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறான். 35 எம்எம் கேமரா எப்போதாவது உங்கள் கைக்கு வந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு முறை நெம்பை இழுக்கும்போதும் இடது பக்கத்து ரீவைண்ட் திருகு கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் உள்ளே பிலிம் நகரவில்லை.

உங்கள் இரண்டு கேமராவுக்கும் அந்தக் கவலை இல்லை. இரண்டும் 120 என்ற அகலமான பிலிம் ரோல் போடுபவை. பிலிமின் முதுகோடு சேர்ந்து சுற்றி வரும் காகிதமே கையால் உருளையில் சொருகத் தோதாக இருக்கும். ரோலுக்கு 12 சதுரப் படங்கள். விசேஷத்தில் 12 படம் எந்த மூலைக்கும் பத்தாது. ஆனால் ஒரு சாதாரண மாதத்துக்கு 12 படம் தாராளம். நான் மாதம் ஒரு ரோல் என்று வைத்திருக்கிறேன். மூன்று நாளைக்கு ஒரு முறை கேமராவை எடுத்தால் போதும் என்ற கணக்கு.

செலவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். நல்ல கறுப்பு வெள்ளை 120 ரோல் இன்று ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. வெளியூர் லேபுக்கு அனுப்பிக் கழுவி, ஸ்கேன் வாங்கினால் ஒரு படத்துக்கு நூறு ரூபாய்க்கு மேலே போய்விடும். வீட்டில் நீங்களே கழுவினால் பிலிம் விலையோடு கிட்டத்தட்ட நின்றுவிடும். கலர் பிலிம் கழுவ 38 டிகிரி வெந்நீரைக் கொஞ்சமும் இறங்காமல் பிடித்துவைக்க வேண்டும். நம் ஊர்க் குளிரில் அது பெரிய ரோதனை. கலரை லேபுக்கு விட்டுவிட்டு, கறுப்பு வெள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேமராக்களைப் பாருங்கள். யாஷிகாவில் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ்கள், படம் எடுப்பது கீழ் லென்ஸ். பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) வைத்து, லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து, பட்டனை அழுத்திப் பிடித்தபடி பின்னாலிருந்து டார்ச் அடித்து அந்தக் கீழ் லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி நூல் போல, அல்லது பாசியின் வேர் போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். மலையில் இருபது வருஷம் தோல் உறைக்குள் கிடந்த கேமராவில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படத்தில் தெரியாது, கவலைப்படாமல் எடுங்கள். நடுவில் படர்ந்திருந்தால் கழற்றித் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சணம் கக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும். அரித்த தடம் துடைத்தாலும் போகாது.

அடுத்தது ஷட்டர். பிலிம் போடாமல் ஒரு நொடி வேகத்தில் வைத்து அடித்துப் பாருங்கள். உள்ளே பழைய எண்ணெய் கெட்டியாகியிருந்தால் ஒரு நொடி மூன்று நொடியாக இழுக்கும். அதிலும் ஜனவரிக் காலையில் இழுப்பு இன்னும் கூடும். ஒரு நாள் சாயந்தரம் உட்கார்ந்து எல்லா வேகத்திலும் ஐம்பது அறுபது முறை அடியுங்கள். பல ஷட்டர்கள் அதிலேயே தூக்கம் கலைந்துவிடும். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் விடக் கூடாது. இலை இலையான அந்தத் தகடுகள் எண்ணெய் இல்லாமல் ஓட வேண்டியவை. ஒரு சொட்டு இறங்கினாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, யாஷிகாவில் இருக்கும் செல்ஃப் டைமர் நெம்பைத் தொடாதீர்கள். இத்தனை வயதில் அது பாதியில் நின்றால் ஷட்டரும் சேர்ந்து நின்றுபோகும். நீங்களும் படத்தில் இருக்க ஆசைப்பட்டால் பட்டனில் ஒரு கேபிள் ரிலீஸைத் (தள்ளி நின்று பட்டனை அழுத்த உதவும் கம்பி) திருகி, பையன் கையில் கொடுங்கள். அவனுக்கும் ஒரு வேலை ஆச்சு.

பின்கதவைத் திறக்கிறபோது, பிலிமை அழுத்தும் தகட்டையும் பாருங்கள். 124 ஜியில் 12 படத்துக்கு ஒரு நிலை, 24 படத்துக்கு ஒரு நிலை என்று அதை நகர்த்தி வைக்கலாம். 24 என்பது 220 என்ற நீள பிலிமுக்கானது. உங்களுக்கு வேண்டியது 12. கதவு ஓரத்தில் வெளிச்சம் புகாமல் அடைத்திருக்கும் ஸ்பாஞ்ச் பிசுபிசுவென்று தாராகியிருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, கறுப்புக் கம்பளி நூலை அந்தப் பள்ளத்தில் பதித்து ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் மகளின் ஸ்கூல் ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய நூல் மூன்று கேமராவுக்கு வந்தது.

வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்தால் லாபம். அதற்கான பழைய பாதரச பேட்டரி 1.35 வோல்ட், இப்போது தயாரிப்பில் இல்லை. கடைக்காரர் கொடுக்கும் சாதாரணப் பட்டன் பேட்டரி 1.5 வோல்ட். அது ஊசியை ஏமாற்றும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி 1.4 வோல்ட், அதுதான் பக்கத்தில் வரும். அளவு கொஞ்சம் சின்னது, சுற்றி ஒரு ரப்பர் வளையம் கொடுத்தால் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் பெரியப்பாவின் காதுக் கருவிக்கு வாங்கும் அட்டையிலிருந்து மாதம் ஒன்றை நான் கடன் வாங்குகிறேன். "எனக்குக் கேட்காட்டியும் பரவாயில்ல, உன் டப்பாவுக்குக் கண்ணு தெரியணும்" என்பார். மேல்மூடியைத் திறந்தாலே மீட்டர் விழித்துக்கொள்ளும், அதனால் வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். மீட்டர் செத்துப்போயிருந்தாலும் குடி முழுகிவிடாது. போனில் வெளிச்சம் அளக்கும் செயலிகள் இருக்கின்றன, நன்றாகவே சொல்கின்றன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டைப் படம் எடுப்பதென்றால் வீடு முழுக்கக் கேமராவோடு அலைவார்கள். எல்லாமே இருட்டாகவோ ஆட்டமாகவோ வரும். மனசு விட்டுப்போய் கேமரா மறுபடி பரணுக்குப் போகும். அப்படிச் செய்யாமல், வீட்டில் ஒரே ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். முதல் இரண்டு ரோலும் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் மட்டும்தான். அது எந்த நேரத்தில் எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று உங்களுக்கு மனப்பாடம் ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் அது சமையலறை ஜன்னல். கிழக்குப் பார்த்தது, எதிரே தேயிலைச் சரிவு. வெளியே மேகம் மூடியிருக்கும் காலையில், ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி நிற்கும் முகத்துக்கு, 400 வேகப் பிலிமில் (வேக எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்) எஃப் 4, முப்பதில் ஒரு நொடி. எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் குறையக் குறையத் துளை பெரிது. இத்தனை வருஷத்தில் இது பெரிதாக மாறியதே இல்லை. இன்னும் மூன்றடி உள்ளே போனால் ஷட்டர் வேகத்தைப் பாதியாக்கி, பதினைந்தில் ஒரு நொடிக்கு வர வேண்டும். அப்போது கேமராவை மேஜை மேலோ அரிசி டின் மேலோ வைத்துக்கொள்வேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தால் முகத்தின் பாதி இருட்டில் போகும். அது பரவாயில்லை, இருக்கட்டும். மீட்டரைப் பார்க்காமல் கை தானாக எஃப் 4-க்குப் போகிற நாள் வரும். அன்றிலிருந்துதான் நீங்கள் கேமராவை மறந்து ஆளைப் பார்ப்பீர்கள்.

வெளியில் எடுப்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, பிலிமின் வேக எண்ணையே ஷட்டர் வேகமாக வைப்பது. 400 பிலிமுக்கு யாஷிகாவில் 500-இல் ஒரு நொடி. சமவெளியில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதோடு கதை முடிந்துவிடும். நம் ஊரில் அங்கிருந்துதான் கதையே ஆரம்பிக்கிறது. காலை பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில், பத்தேகாலுக்குப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வாசல் மறைந்துவிடும். அதனால் நிழலைப் பாருங்கள். தரையில் உங்கள் நிழல் கத்திபோல் விழுந்தால் 16. விழுகிறது, ஆனால் ஓரம் மங்கல் என்றால் 11. நிழலே இல்லை என்றால் 8. எதிர்வீட்டுச் சில்வர் ஓக் மரம் பேய் மாதிரி நிற்கும் அளவுக்குப் பனிமூட்டம் என்றால் 5.6. மீட்டர் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு தப்புச் செய்வார்கள். மூட்டம் வெள்ளை வெளேரென்று இருப்பதால், வெளிச்சம் நிறைய இருக்கிறது என்று மீட்டர் நம்பிவிடும். அது சொல்வதற்கு மேல் ஒரு படி திறந்துவிடுங்கள், அதாவது 8 என்றால் 5.6. இல்லாவிட்டால் மூட்டம் சாம்பலாகவும் பையன் கரித்துண்டாகவும் வருவார்கள்.

ஆக்ஃபா கிளிக்கின் விஷயம் வேறு. பரோடாவில் தயாரான பிளாஸ்டிக் டப்பா அது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் முதல் கேமரா. வெயில், மேகம் என்று படம் போட்ட ஒரு சின்ன நெம்பு, ஒரு பட்டன், அவ்வளவுதான். வேகத்தை மாற்ற முடியாது, முப்பதில் ஒரு நொடியை ஒட்டித்தான் இருக்கும். லென்ஸின் துளையும் எஃப் 9, எஃப் 11 அளவில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பிலிமைப் போட்டு உச்சி வெயிலில் எடுத்தால், தேவைக்கு மேல் இரண்டரை மூன்று படி வெளிச்சம் ஏறிவிடும். அதே பிலிமை நிழல் விழாத மேகமூட்டத்தில் எடுத்தால் கச்சிதம். சமவெளிக்காரர் மேகத்துக்குக் காத்திருக்க வேண்டும், நமக்கு அது தினமும் வாசலுக்கே வருகிறது. ஆக, கிளிக்கில் 100 பிலிம், யாஷிகாவில் 400 பிலிம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளிக்கில் இரண்டே எச்சரிக்கை. பத்தடிக்குள் ஆள் வந்தால் முகம் மங்கும். நாலு பெரிய எட்டு வைத்துத் தள்ளி நில்லுங்கள். அப்புறம், பின்னால் எண் தெரியும் சின்னச் சிவப்பு ஜன்னல். அந்தக் காலத்தில் பலர் போட்ட பிலிம்களுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாக உறைக்காது, இன்றைய பிலிமுக்கு உறைக்கும். அதன்மேல் ஒரு கறுப்பு டேப் ஒட்டி, ரோல் சுற்றும்போது மட்டும் நிழலில் நின்று தூக்கிப் பாருங்கள்.

யாஷிகாவில் குடும்பத்துக்கென்றே ஒரு வசதி இருக்கிறது. அதை வயிற்றுக்கு நேரே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். போனையோ மற்ற கேமராவையோ நீட்டினால் என் அம்மா உடனே முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல் விறைத்துவிடுவார். குனிந்தபடி நிற்கிறவனை அவர் பொருட்படுத்துவதில்லை. "என்னடா, எதையோ தொலைச்சவனாட்டம் தேடிட்டே இருக்கே" என்று கேட்டுக்கொண்டே பீன்ஸ் நறுக்குவார். அந்த வாக்கியம் முடிவதற்குள் ஒரு படம் எடுத்துவிடலாம். ஷட்டர் சத்தமும் ஒரு சின்ன 'டிக்'தான், கொதிக்கும் சாம்பாரைத் தாண்டிக் கேட்காது. குழந்தையின் கண் உயரத்துக்குக் கேமராவும் இறங்கிவிடுகிறது. நீங்கள் முழங்கால் வலிக்கக் குந்த வேண்டியதில்லை.

அந்தக் கண்ணாடித் திரையில் இடம் வலமாகத் தெரியும். பையன் வலது பக்கம் ஓடினால் திரையில் இடது பக்கம் ஓடுவான். உங்களுக்கு முதல் வாரம் தலை சுற்றும். அவனைப் பார்க்க விடுங்கள், அவனுக்கு அது ஒரு வித்தை. என் மகள் எதிர்வீட்டுக் கோழியை அந்தச் சதுரத்துக்குள் பிடித்துவைக்கப் பார்த்து, கோழி போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கேமராவைத் திருப்பித் திருப்பிச் சிரித்து ஓய்ந்தாள். பிலிம் இல்லாத கேமராவை அரைமணி நேரம் அவன் கையில் கொடுக்கலாம், ஆனால் கழுத்துவாரை மாட்டிவிட்டுக் கொடுங்கள்.

அந்தக் கேமராவால் மூன்றடி நாலங்குலத்துக்கு உள்ளே, அதாவது ஒரு மீட்டருக்குள், குவியத்தைக் கொண்டுவர முடியாது. இன்னொன்று, நீங்கள் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக, பிலிம் பார்ப்பது கீழ் லென்ஸ் வழியாக. கிட்டத்தில் எடுக்கும்போது அந்த இரண்டு அங்குல வித்தியாசம் உச்சந்தலையில் போய் விடியும். தலைக்கு மேல் கொஞ்சம் காலி இடம் விட்டே எடுத்துப் பழகுங்கள். எடுக்கிறவர் நீங்களாகவே இருந்தால் ஆல்பத்தில் உங்களைக் காணாது என்பதையும் ஞாபகம் வையுங்கள். எங்கள் வீட்டில் மாதக் கடைசி இரண்டு படம் என் மனைவியுடையது. அவள் எடுப்பவை என்னுடையதைவிட நன்றாக இருக்கின்றன என்று சொல்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

எதை எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ரோஜாத் தோட்டத்தையும் மலை ரயிலையும் எடுக்க ஊரே இருக்கிறது. ஜூலை மாதம் காயவே காயாத துணிகளை அடுப்படியில் கட்டிய கொடியில் போட்டிருப்பதை யார் எடுப்பார்கள்? குளிர்காலத்துக்குப் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்வெட்டர் பையனுக்குக் கை எட்டாமல் போன அன்றைக்கு ஒரு படம். டீயில் வர்க்கியை நனைத்து, அது பாதியில் ஒடிந்து உள்ளே விழுகிற அந்த முகம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஆல்பர்ட் பென் போன்ற வெள்ளைக்கார போட்டோகிராபர்கள் இந்த மலையை நிறையவே எடுத்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் வீட்டுச் சமையலறையை அவர்கள் எடுக்கவில்லை.

சரி, கழுவுவது. இதில் பயப்பட ஒன்றும் இல்லை. வெளிச்சம் புகாத ஒரு டேங்க், அதற்குள் பிலிமைச் சுற்றும் ரீல், ஒரு தெர்மாமீட்டர், மூன்று அளவுக் குவளை. மருந்து இரண்டுதான்: படத்தை வெளியே கொண்டுவரும் டி-76 டெவலப்பர், அப்புறம் அதை நிலைக்கவைக்கும் ஹைப்போ. பிலிமை ரீலில் ஏற்றும் அந்த ஒரு வேலை மட்டும் கும்மிருட்டில் நடக்க வேண்டும். ராத்திரி குளியலறையில் கதவிடுக்கில் போர்வையை அடைத்துவிட்டுச் செய்யலாம். பழகுவதற்கு ஒரு வீணான ரோலை வைத்து, முதலில் வெளிச்சத்தில் பத்து முறை, பிறகு கண்ணை மூடிப் பத்து முறை.

எங்கள் வீட்டில் அந்த வேலை என் மாமனாருடையது. அவர் ஊட்டி இந்து நகர் பிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அந்த அரசு நிறுவனம் 1960-இல் தொடங்கி, 1967-இல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' என்ற பெயரில் பிலிம், போட்டோ பேப்பர், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கிருந்து போனது. குளிர்ச்சியும் தூசியில்லாத காற்றும் வேண்டும் என்பதால்தான் மலையைத் தேடி வந்தார்கள். மருந்து பூசும் பகுதியில் முழு இருட்டு. எதிரே ஆள் வந்தால் மோதிக்கொள்ளாமல் இருக்க லேசாகச் செருமிக்கொண்டே நடப்பார்களாம். டிஜிட்டல் வந்து, நஷ்டம் ஏறி, ஆலை மூடிப்போய்விட்டது. அவருக்கு இப்போது கை நடுங்குகிறது, டீ டம்ளரைப் பிடித்தால் சாஸரில் சிந்தும். ஆனால் குளியலறை விளக்கை அணைத்துவிட்டு ரோலைக் கையில் கொடுத்தால், நான் இரண்டு நிமிடம் திணறுகிற ரீலை அவர் அரை நிமிடத்தில் ஏற்றிவிட்டு, "ஆச்சு மாப்பிள்ளை" என்று ஒரு செருமல் செருமுவார்.

மலையில் கழுவுவதற்கு ஒரு தனிப் பாடம் தண்ணீர். எல்லா அட்டவணையும் 20 டிகிரிக்குத்தான் நேரம் சொல்லும். சென்னைக்காரர்கள் ஐஸ் போட்டு 20-க்கு இறக்குகிறார்கள், நாம் வெந்நீர் விட்டு ஏற்ற வேண்டும். டெவலப்பரில் இருக்கும் இரண்டு மருந்துகளில் ஒன்றான ஹைட்ரோகுவினோன் குளிரைத் தாங்காது. 13 டிகிரிக்குக் கீழே போனால் ஏறக்குறைய தூங்கிவிடும். டிசம்பரில் குழாய்த் தண்ணீரை நம்பி நான் கழுவிய முதல் ரோல் தண்ணீர்ப்பால் மாதிரி வந்ததற்கு அதுதான் காரணம். இப்போது பிளாஸ்டிக் டப்பில் 21 டிகிரித் தண்ணீரை ஊற்றி, மருந்துப் பாட்டில்களையும் டேங்கையும் அதற்குள்ளேயே நிற்கவைக்கிறேன். ஹெச்பி5 பிளஸ் 400 பிலிமுக்கு, மேற்கொண்டு தண்ணீர் கலக்காத டி-76 கரைசலில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். முதல் பத்து நொடி டேங்கைக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் பத்து நொடி அதேபோல். நேரம் சொல்வது என் மகளின் வேலை. அவள் சொன்னால் சொன்னதுதான், ஒரு நொடி பிசகினால் திட்டு விழும்.

ஹைப்போவுக்குப் பிறகு ஓடும் தண்ணீரில் அலசி, கடைசியாக ஒரே ஒரு சொட்டு வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீர் திட்டுத்திட்டாக நிற்காமல் வடியவைக்கும் மருந்து) கலந்த தண்ணீரில் முக்கி எடுத்து, துணி கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். கீழ் நுனியிலும் ஒரு கிளிப் கனத்துக்கு. சீக்கிரம் காயட்டும் என்று விறகடுப்புப் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஈரப் பிலிமில் சாம்பல் தூள் ஈ மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

சில விஷயங்களில் கறாராக இருங்கள். மருந்துக்கான குவளை சமையலுக்குத் திரும்பவே கூடாது. டெவலப்பரில் இருக்கும் இன்னொரு மருந்தான மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்புக் கொடுக்கும், கையுறை போடுங்கள். பையனுக்கு நேரம் சொல்கிற வேலையோடு நிறுத்துங்கள், மருந்தை ஊற்ற விடாதீர்கள். பயன்படுத்திய ஹைப்போவில் பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கும். அதைத் தோட்டத்திலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். நம் ஓடைத் தண்ணீரைக் கீழே யாரோ குடிக்கிறார்கள், மீனுக்கும் அது ஆகாது. கேனில் சேர்த்து வையுங்கள். பழைய எக்ஸ்ரே நிலையங்களிலிருந்து ஹைப்போவை வாங்கிப்போய் வெள்ளி எடுப்பவர்கள் உண்டு, விசாரித்தால் ஆள் கிடைக்கும்.

பிரிண்டுக்கு, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் கருவி தேட வேண்டாம். 120 நெகட்டிவே ஆறு சென்டிமீட்டர் சதுரம். பழைய ஆல்பங்களில் வெள்ளை ஓரம் விட்ட குட்டிப் படங்கள் பார்த்திருப்பீர்கள், அவற்றில் பல நெகட்டிவைப் பேப்பரின்மேல் நேரே வைத்து எடுத்தவைதான். ராத்திரி அறையில் போட்டோ சேஃப்லைட் சிவப்பு பல்பு ஒன்று. பேப்பர், அதன்மேல் நெகட்டிவ், அதன்மேல் போட்டோ பிரேமிலிருந்து கழற்றிய கண்ணாடி. மேலே தொங்கும் சின்ன பல்பை இரண்டு மூன்று நொடி போட்டு அணைத்து, பேப்பரை டெவலப்பர் தட்டில் நழுவவிடுங்கள். பத்து நொடி ஒன்றும் நடக்காது. பிறகு முதலில் தலைமுடி வரும், அப்புறம் கண், கடைசியில்தான் கன்னம் வரும். என் மகளுக்கு ஒன்பது வயது, கையில் போன் கொடுத்தால் உலகத்தை மறப்பவள். அந்தத் தட்டின்மேல் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து, பாட்டியின் முகத்தைக் கண்டு, "அம்மிச்சி வந்துட்டாங்க" என்று கத்தினாள்.

மாமனாரின் டிரங்குப் பெட்டியில் பிரிக்காத இந்து பேப்பர் ஒரு பாக்கெட் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. பேப்பர் வயதானால் வெளிச்சம் படாமலே கறுக்கத் தொடங்கும். அதில் போட்ட படங்களில் வெள்ளை என்பதே இல்லை, எல்லாம் சாம்பல். அம்மா ஜன்னலோரம் நிற்கும் படத்தை அதில் போட்டபோது, வெளியே மூட்டமே இல்லாத நாளில் எடுத்தது, சமையலறைக்குள்ளேயே மேகம் புகுந்த மாதிரி வந்தது. "பேப்பர் கெட்டுப்போச்சு, தூக்கிப் போடுங்க" என்றார் மாமனார். சொல்லிவிட்டு அந்தப் பிரிண்டை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசியாக மழைக்காலம். உங்கள் பக்கம் ஜூனிலும் ஈரம், அக்டோபர் தொடங்கி இன்னும் ஈரம். தோல் உறையைக் கழற்றித் தனியே வையுங்கள், பூஞ்சணம் முதலில் வளர்வது தோலில்தான். ரப்பர் விளிம்பு வைத்த, இறுக்கமாக மூடும் சமையலறை டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு கேமராவைப் போட்டு, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் உள்ளே வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் சரி. அதற்கும் கீழே போட்டுக் காயவைக்க வேண்டாம். ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறினால், சமையலுக்கு ஆகாத பழைய தவாவில் லேசான சூட்டில் வறுத்தெடுங்கள். அரிசி டின்னுக்குள் கேமராவைப் புதைக்கும் வைத்தியம் சிலர் சொல்வார்கள். உமித் தூசிதான் உள்ளே போகும். குளிரில் வெளியே எடுத்துவிட்டு அடுப்பெரியும் சமையலறைக்குள் அப்படியே நுழைந்தால் லென்ஸ் மூக்குக்கண்ணாடிபோல் வேர்த்துவிடும். வாசலிலேயே ஒரு பையில் கட்டி, அரைமணி நேரம் கழித்துத் திறங்கள். இதையெல்லாம்விட, கேமராவை அடிக்கடி கையில் எடுங்கள். வாரம் ஒரு முறை வெயில் பார்க்கும் லென்ஸில் பூஞ்சணம் லேசில் ஏறாது.

ரோல் போடும்போது நிழலில் நின்று போடுங்கள், யாஷிகாவில் காகிதத்தில் இருக்கும் அம்புக்குறி கேமராவின் உள்ளே இருக்கும் குறிக்கு நேராக வந்ததும் கதவை மூடுங்கள். எடுத்து முடித்த ரோல் அந்தப் பக்கத்து ஸ்பூலோடு வெளியே வந்துவிடும், இந்தப் பக்கம் ஒரு காலி ஸ்பூல் மிஞ்சும். அதை மட்டும் பையனிடம் விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த ரோலைச் சுற்ற அது வேண்டும்.